நம் கொழுந்து போகும் தேசம்: ரஷ்யாவின் நிலமும் சனமும்

(தோட்ட வாசிப்பு வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. துவைக்கத் துணி கிடக்கிறது, பொறுக்க விறகு கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: “நாம எடுக்கிற கொழுந்து ஸ்டோருக்குப் போகுது. ஸ்டோர்ல இருந்து லொறியில கொழும்புக்குப் போகுது. அதுக்குப் பிறகு எங்க போகுது?” நல்ல கேள்வி. ஈராக்குக்குப் போகிறது, துருக்கிக்குப் போகிறது. நீண்ட காலமாக முன்வரிசையில் நின்று வாங்குகிற இன்னொரு தேசம் ரஷ்யா. 2017 டிசெம்பரில் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இங்கிருந்து போன தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அந்த மாதம் முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சில நாளில் கொழும்பிலிருந்து தோட்டம் வரை எல்லோரும் கலங்கிப்போனார்கள். நம் வயிற்றோடு இவ்வளவு நெருக்கமாக இருக்கிற தேசத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

260 மடங்கு நிலம்

சுவரில் இருக்கிற உலகப் படத்தைப் பாருங்கள். இலங்கையை ஒரு விரல் நுனியால் மறைத்துவிடலாம். ரஷ்யாவை மறைக்க இரண்டு உள்ளங்கையும் போதாது. இப்படிப்பட்ட தட்டைப் படங்களில் வடக்கு நாடுகள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும் உலகின் மிகப் பெரிய நாடு அதுதான். பரப்பளவு சுமார் 1 கோடி 71 இலட்சம் சதுர கிலோமீற்றர். நம் நாடு 65,610 சதுர கிலோமீற்றர். ஏறக்குறைய 260 இலங்கையை உள்ளே வைக்கலாம்.

சனம் எவ்வளவு? சுமார் 14½ கோடி. நம்மைவிட ஆறு ஏழு மடங்குதான். நிலம் 260 மடங்கு, சனம் ஏழு மடங்குக்கும் குறைவு. பிள்ளைகளே, இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

அந்த நாடு கிழக்கு மேற்காக எவ்வளவு நீளம் என்றால், அங்கே 11 நேர வலயங்கள் இருக்கின்றன. மொஸ்கோவில் விடிகாலை 6 மணி, நம் ஊர்க் கணக்கில் பெரட்டுக்குப் புறப்படுகிற நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் கிழக்குக் கரையில் இருக்கும் விளாடிவொஸ்தொக் நகரத்தில் பகல் 1 மணி. மொஸ்கோவுக்கும் விளாடிவொஸ்தொக்குக்கும் இடையே ஓடுகிற புகையிரதப் பாதை 9,289 கிலோமீற்றர். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற நம் கோச்சிப் பாதையை முப்பது தடவைக்கு மேல் ஒட்டினால்தான் அந்த நீளம் வரும்.

நாட்டின் குறுக்கே வடக்குத் தெற்காக யூரல் மலைத்தொடர் கிடக்கிறது. அதற்கு மேற்கே ஐரோப்பா, கிழக்கே ஆசியா. ஆசியப் பக்கத்தைச் சைபீரியா என்றும் தூரகிழக்கு என்றும் சொல்வார்கள். நிலத்தில் முக்கால் பங்கு கிழக்கே இருக்கிறது. சனத்தில் முக்கால் பங்கு மேற்கே வாழ்கிறது. ஏன் இப்படி? குளிர்தான் காரணம். சைபீரியாவில் ஒய்மியாகோன் என்றொரு ஊர். அங்கே 1933 இல் பூச்சியத்துக்குக் கீழே 67 பாகைக்கும் அதிகமான குளிர் பதிவானது. நுவரெலியாப் பக்கம் தை மாதத்தில் ஓரிரவு பனி உறைந்தாலே மறுநாள் வெயிலில் கொழுந்து கருகிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தில் மேல்மண்ணுக்குக் கீழே கோடையிலும் இளகாத உறைமண் கிடக்கிறது. அங்கே என்ன பயிர் வைப்பது?

வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வந்தால் நிலம் பட்டை பட்டையாக மாறும். உச்சியில் மரமே இல்லாத தூந்திரா. அதற்குக் கீழே பைன், லார்ச் போன்ற ஊசியிலை மரங்கள் நிறைந்த தைகா காடு. அதற்கும் கீழே ஸ்டெப்பி என்ற புல்வெளி. இந்தப் புல்வெளிப் பக்கத்தில்தான் கரும்மண் இருக்கிறது. கோதுமைக்கு அதைவிட நல்ல மண் உலகில் குறைவு.

ஆறுகளைப் பாருங்கள். வோல்கா ஐரோப்பாவின் மிக நீளமான ஆறு. 3,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கஸ்பியன் கடலில் விழுகிறது. சைபீரியாவின் பெரிய ஆறுகளான ஒப், யெனிசெய், லேனா மூன்றும் வடக்கே ஓடி உறைந்த கடலில் சேர்கின்றன. பைக்கால் ஏரியின் ஆழம் 1,642 மீற்றர். உலகிலேயே ஆழமான ஏரி அது. பூமியின் மேற்பரப்பில் உறையாமல் கிடக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில் இருக்கிறது.

“அங்க தேயிலை வளராதா?” என்று ஒரு தம்பி கேட்கிறார். வளர்கிறது, ஆனால் கொஞ்சம். தெற்கே கருங்கடல் ஓரத்தில் சோச்சி நகரத்துக்கு அருகே மட்டும் குளிர் குறைவு. அங்கே 1901 இல் யூதா கோஷ்மன் என்ற விவசாயி முதன்முதலில் தேயிலை வைத்துப் பலன் கண்டார். அவர் முன்பு ஜோர்ஜியாவில் தேயிலையில் கூலி வேலை செய்தவர். நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி. ஆனால் அந்தத் துண்டு நிலம் அவ்வளவு பெரிய நாட்டின் தேவைக்குப் போதாது. அதனால்தான் வெளியிலிருந்து வாங்குகிறார்கள்.

சைபீரியாவைக் கடந்த ஒரு வைத்தியர்

இந்தப் பெரிய நிலத்தை ஒரு மனிதரின் பயணத்தோடு சேர்த்துப் பார்ப்போம். அவர் அன்ரன் செக்கோவ். வைத்தியர், எழுத்தாளர். அவருடைய கதைகளைத் தமிழிலும் வாசிக்கலாம். 1890 இல் அவருக்கு வயது 30. அந்த ஆண்டு ஏப்ரலில் மொஸ்கோவிலிருந்து புறப்பட்டார். பசிபிக் ஓரத்தில் இருக்கும் சகலின் தீவுக்குப் போகவேண்டும். கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த தீவு அது. அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்த்து எழுதவேண்டும் என்பது அவர் எண்ணம்.

அப்போது சைபீரியாவுக்குக் குறுக்கே புகையிரதப் பாதை இல்லை. அந்த வேலை அடுத்த ஆண்டு, 1891 இல்தான் தொடங்கியது. வோல்காவிலும் காமா ஆற்றிலும் படகில் போனார். யூரல் மலையைப் புகையிரதத்தில் கடந்தார். தியுமேனுக்குப் பிறகு குதிரை வண்டிதான். பனி உருகுகிற காலம். வழியெல்லாம் சேறு, ஆறுகளில் வெள்ளம். தோம்ஸ்க், கிரஸ்னோயார்ஸ்க், இர்குட்ஸ்க் என்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வண்டியில் குலுங்கிப் போய், பைக்கால் ஏரியைக் கடந்து, அமூர் ஆற்றில் நீராவிப் படகேறி, ஜூலையில் சகலினை அடைந்தார்.

அவர் போன பாதையில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. அதில்தான் சீனத்துத் தேயிலை எதிர்த் திசையில் மொஸ்கோவுக்கு வந்தது. 1638 இல் ஒரு மங்கோலியத் தலைவர் ரஷ்ய மன்னருக்குப் பரிசாகத் தேயிலை அனுப்பினார். அப்போது சீன எல்லையில் இருந்த கியாக்தா 1727 முதல் வியாபாரச் சந்தையானது. ஒட்டகத்திலும் வண்டியிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் மாதக்கணக்காகத் தேயிலை வந்தது. முதலில் பணக்காரர் குடித்தார்கள், பிறகு எல்லோரும் குடித்தார்கள். சமோவார் என்ற வெந்நீர்ப் பாத்திரம் வீட்டுக்கு வீடு வந்தது. அங்கே தேயிலைக்குப் பெயர் ‘சாய்’. நம் ஊர் ‘சாயா’வின் உறவுச் சொல்தான்.

செக்கோவ் சகலினில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தார். அச்சடித்த அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு குடில் குடிலாக ஏறி இறங்கினார். பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு வந்தாய், எழுத வாசிக்கத் தெரியுமா, என்ன தொழில், என்ன நோய் என்று கேட்டு எழுதினார். ஏறக்குறைய பத்தாயிரம் அட்டை சேர்ந்தது. அதை வைத்துப் பின்னர் ஒரு புத்தகம் எழுதினார். அங்கிருந்த பாடசாலைகளுக்குப் புத்தகங்களும் சேர்த்து அனுப்பினார்.

திரும்பும்போது கப்பலில் வந்தார். ஹொங்கொங், சிங்கப்பூர், அதன் பிறகு கொழும்பு. ஆம், 1890 நவம்பரில் செக்கோவ் நம் நாட்டுக்கு வந்தார். கோச்சியில் ஏறிக் கண்டிக்கும் போனார். சகலின் நரகம் என்றால் இலங்கை சொர்க்கம் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். கோப்பி அழிந்து மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சொர்க்கத்தின் லயங்களில் நம் பாட்டன் பூட்டிமார் இருந்தார்கள். சில நாள் தங்கிய பயணிக்குக் கோச்சி ஜன்னலில் பச்சை மட்டும் தெரிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. சகலினில் செய்த மாதிரி இங்கேயும் அட்டையோடு லயத்துக்குள் ஏறியிருந்தால் எவ்வளவு எழுதியிருப்பார் என்று ஓர் ஏக்கம், அவ்வளவுதான்.

ஏன் ஏங்குகிறோம் என்றால், அவருக்கு இந்த வாழ்க்கை அந்நியமானதல்ல. செக்கோவின் தாத்தா ஒரு பண்ணையடிமை. கரும்மண் பகுதியான வொரோனேஷ் மாகாணத்தில் ஓர் எசமானுக்குச் சொந்தமாக இருந்தவர். பல ஆண்டு காசு சேர்த்து 1841 இல் தன்னையும் மனைவி மக்களையும் விலைக்கு வாங்கினார். ஆண்பிள்ளைகளுக்குக் கட்டிய பிறகு மகளுக்குப் பணம் போதவில்லை, எசமான் அவளைக் கொசுறாக விட்டார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். கொசுறாக! தேங்காய் வாங்கினால் கறிவேப்பிலை தருவது மாதிரி.

யூரி நாள்

இப்போது கொப்பியில் எழுதிய கணக்குக்கு வருவோம். 260 மடங்கு நிலம் இருக்கிற நாட்டில் மனிதர் ஏன் அடிமையானார்? விட்டுவிட்டு வேறு நிலத்துக்குப் போக வேண்டியதுதானே?

காரணமே அதுதான். நிலம் நிறைய இருந்தது, கை குறைவாக இருந்தது. உழுகிறவன் எழுந்து போய்விட்டால் எசமானுடைய நிலம் வெறும் புல். ஆகவே எசமான்கள் உழுகிறவனைக் கட்டிவைத்தார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரஷ்யாவின் பழைய வரலாறு கீவ் நகரத்தில் தொடங்குகிறது. இன்று அது உக்ரேனின் தலைநகரம். 988 இல் கீவ் இளவரசர் விளாடிமிர் கிறிஸ்தவ மதத்தை ஏற்றார். 1237 முதல் 1240 வரை மங்கோலியர் படையெடுத்து நகரங்களை எரித்தார்கள். அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்குத் திறை கட்டவேண்டியிருந்தது. அந்தத் திறையை வசூலித்துக் கொடுத்தே வளர்ந்த ஊர் மொஸ்கோ. 1480 இல் மொஸ்கோ அந்த ஆட்சியிலிருந்து விடுபட்டது. 1547 இல் நான்காம் இவான் ‘சார்’ என்று முடிசூடினார். அவர் காலத்தில் யூரலுக்கு அப்பால் படை போனது. 1639 இல் ரஷ்யர் பசிபிக் கரையைத் தொட்டார்கள். அவ்வளவு வேகத்துக்குக் காரணம் விலங்குத் தோல் வியாபாரம். சைபீரியாவின் பூர்வீகச் சனங்களிடம் தோலை வரியாகப் பறித்தார்கள். ஆகவே ரஷ்யா என்றால் ரஷ்யர் மட்டுமல்ல. தாதார், புரியாத், யாகுத், செச்சென் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே வாழ்கின்றன.

மன்னரிடம் படைவீரருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை. காசுக்குப் பதில் நிலம் கொடுத்தார். நிலத்தோடு அதில் உழுகிற சனத்தையும் சேர்த்துக் கொடுத்தார். 1497 சட்டத்தின்படி உழவர் ஆண்டில் ஒரு தடவைதான் இடம் மாறலாம். நவம்பர் 26 யூரி நாள். அதற்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். போகும்போது எசமானுக்குக் கட்டணம் கட்டவேண்டும். கடன் இருந்தால் அதையும் தீர்க்கவேண்டும். பல பேரால் கட்ட முடியாது. அப்போது இன்னொரு எசமான் அந்தக் காசைக் கட்டி ஆளைத் தன் நிலத்துக்குக் கூட்டிப்போவார். ஆள் விடுபடவில்லை, கடன்தான் கை மாறியது.

மூத்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். நம் தோட்டங்களில் இருந்த ‘துண்டு’ முறையும் இதே மாதிரிதான். ஆள் கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு துண்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். அந்தக் கடன் புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1921 இல்தான் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

ரஷ்யாவில் அந்த இரண்டு வாரத்தையும் 16 ஆம் நூற்றாண்டின் கடைசியில் பறித்தார்கள். ஏதாவது ஏமாற்றம் வந்தால் இன்றும் ரஷ்யர் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு: “பாட்டி, இதோ உன் யூரி நாள்!” 1649 இல் வந்த சட்டம் கதவை முழுதாகப் பூட்டியது. ஓடிப்போன உழவரை எத்தனை ஆண்டு கழிந்தாலும் பிடித்து வரலாம். பிறகு நிலம் இல்லாமல் ஆளை மட்டும் விற்பதும் நடந்தது. 1767 இல் பேரரசி கத்தரீன் ஓர் ஆணை போட்டார். எசமானுக்கு எதிராக உழவர் முறைப்பாடு கொடுத்தால் சவுக்கடி, அதற்கு மேல் சைபீரியாவுக்கு நாடுகடத்தல். கொடுமை செய்தவன் மேல் குற்றம் இல்லை, அதை எழுதிக் கொடுத்தவன் மேல்தான் குற்றம்.

சனம் சும்மா இருக்கவில்லை. 1670 இல் ஸ்டெங்கா ராசின், 1773 இல் புகச்சோவ் என்று பெரிய கிளர்ச்சிகள் எழுந்தன. இரண்டும் இரத்தத்தில் அடக்கப்பட்டன.

1861: விடுதலையும் கடனும்

1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றது. அடிமைகளை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் நாடு நடத்த முடியாது என்று அரசுக்குத் தெரிந்தது. 1861 இல் சார் இரண்டாம் அலெக்ஸாண்டர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். 2 கோடிக்கும் அதிகமானவர் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். செக்கோவ் பிறந்து ஓராண்டு கழித்து நடந்தது இது.

தேவாலயங்களில் அறிவிப்பை வாசித்தார்கள். சனம் காதைக் கொடுத்துக் கேட்டது. உள்ளே இருந்த கணக்கு இதுதான். காணி உண்டு, ஆனால் சும்மா இல்லை. விலையின் பெரும்பங்கை அரசு எசமானுக்கு உடனே கட்டும். உழவர் அந்தக் காசை வட்டியோடு 49 ஆண்டு அரசுக்குக் கட்டவேண்டும். நல்ல மண் இருந்த பல இடங்களில், முன்பு அவர்கள் பயிர் செய்த காணியிலேயே ஒரு பங்கை வெட்டி எசமானுக்குக் கொடுத்தார்கள். எசமான் வீட்டுக்குள் வேலை செய்த சமையற்காரருக்கும் வண்டிக்காரருக்கும் காணியே இல்லை. கடன் தனியாள் மேலும் இல்லை, ஊர் முழுவதன் மேலும் இருந்தது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்டவேண்டும். ஆகவே ஊரை விட்டு வேலைக்குப் போகவும் ஊர்ச் சபையின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

விடுதலை கிடைத்தது உண்மை. மனிதரை விற்கவும் வாங்கவும் இனி முடியாது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் காணிக்குக் கடன், நடமாட்டத்துக்குச் சீட்டு. 1905 கிளர்ச்சிக்குப் பிறகுதான் அந்தக் கடனை ரத்துச் செய்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1907 இல்.

ரொட்டி கேட்ட பெண்கள்

1905 ஜனவரியில், புதிய நாட்காட்டிப்படி 22 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தலைநகரான சென் பீற்றர்ஸ்பேர்க்கில் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக மன்னரின் அரண்மனைக்கு நடந்தார்கள். கையில் ஒரு மனு. எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, சங்கம் அமைக்கும் உரிமை. படை அவர்களைச் சுட்டது. நாடெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. 1906 இல் தொழிற்சங்கம் வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது.

1914 இல் முதலாம் உலகப் போர். ஆண்கள் போர்முனையில், பெண்கள் ஆலையில், கடையில் ரொட்டிக்கு நீண்ட வரிசை. 1917 மார்ச் 8, உலகப் பெண்கள் தினம். நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வீதிக்கு வந்தார்கள். மற்ற ஆலைகளின் வாசலில் நின்று ஆண்களையும் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் சார் முடி துறந்தார். முந்நூறு ஆண்டு ஆண்ட குடும்பம் அது. அம்மாமாரே, அதைத் தொடக்கி வைத்தது ரொட்டி வரிசையில் நின்ற பெண்கள்.

அதே ஆண்டு நவம்பரில் லெனின் தலைமையில் போல்ஷெவிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. மறுநாளே காணி ஆணை வந்தது. எசமான்களின் காணி இழப்பீடு இல்லாமல் உழவர் கைக்குப் போனது. பிறகு உள்நாட்டுப் போர், பஞ்சம். 1922 டிசெம்பர் 30 இல் சோவியத் ஒன்றியம் பிறந்தது.

பாஸ்போட் இல்லாத உழவர்

தோழர்களே, இனிச் சொல்வதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சோவியத் நாட்டைப் புகழ்ந்து பேசிய மேடைகள் நம் தொழிற்சங்க வரலாற்றில் நிறைய உண்டு. அதில் உண்மையும் இருந்தது. 9 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் எழுத வாசிக்கத் தெரிந்தவர் 1897 இல் நூற்றுக்கு 28 பேர், 1939 இல் 87 பேர். ஆசிரியர் என்ற முறையில் அந்தக் கணக்குக்கு முன் நாங்கள் தலை வணங்குகிறோம். 1941 முதல் 1945 வரை ஹிட்லரின் படையை எதிர்த்து நின்றதில் ஏறக்குறைய 2 கோடி 70 இலட்சம் பேரை அந்த நாடு இழந்தது.

ஆனால் கிராமத்தில் என்ன நடந்தது? 1929 இலிருந்து ஸ்டாலின் அரசு உழவரின் காணியையும் மாட்டையும் கூட்டுப்பண்ணைக்குள் கட்டாயமாகச் சேர்த்தது. மறுத்தவர்களை நாடுகடத்தியது. தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. 1932, 1933 இல் உக்ரேனிலும் கசாக்ஸ்தானிலும் வோல்காப் பகுதியிலும் பல பத்து இலட்சம் பேர் பசியால் இறந்தார்கள்.

1932 டிசெம்பரில் நாட்டுக்குள்ளே பாவிக்கும் பாஸ்போட் கொண்டுவந்தார்கள். நம் அடையாள அட்டை போன்றது. அது இல்லாமல் நகரத்தில் தங்கவும் வேலை எடுக்கவும் முடியாது. நகரத்தாருக்குக் கொடுத்தார்கள். கூட்டுப்பண்ணை உழவரில் பெரும்பாலோருக்குக் கொடுக்கவில்லை. கூலியும் காசாக இல்லை. நமக்குப் ‘பேர்’ போடுவது போல அங்கே ‘உழைப்பு நாள்’ போடுவார்கள். ஆண்டு முடிவில் அரசுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் பங்கு. மிச்சம் இல்லாவிட்டால் பங்கும் இல்லை. நிச்சயமான மாதக் கூலி 1966 இல்தான் வந்தது.

1961 ஏப்ரல் 12 இல் யூரி ககாரின் உலகில் முதல் மனிதராக விண்வெளிக்குப் போனார். கூட்டுப்பண்ணைக் கிராமத்தில் பிறந்தவர், தந்தை தச்சர். அதே ஆண்டு டிசெம்பரில் இலங்கைக்கும் வந்தார். நினைத்துப் பாருங்கள். கிராமத்துப் பிள்ளை பூமியைச் சுற்றி வந்துவிட்டார். அந்த ஆண்டிலும் கிராமத்து உழவரில் பெரும்பாலோரிடம் பக்கத்து நகரத்தில் குடியேறுவதற்குச் சொந்தப் பாஸ்போட் இல்லை. எல்லா உழவருக்கும் பாஸ்போட் கொடுக்க அரசு முடிவெடுத்தது 1974 இல்.

தொழிலாளர் அரசு என்று பெயர் வைத்திருந்த நாட்டில் 1962 ஜூனில் நோவோசெர்காஸ்க் நகரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இறைச்சி, வெண்ணெய் விலை ஏறியது, ஆலையில் கூலி வீதம் குறைந்தது. படை சுட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல ஆண்டு அந்தச் செய்தியே வெளியே வரவில்லை. கேட்பதற்குச் சுதந்திரமான சங்கம் இல்லாவிட்டால் ஆட்சியின் பெயர் எதுவாக இருந்தாலும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு இல்லை.

1991 டிசெம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 15 நாடுகள் தனித்தனியாகின. அதில் பெரியது இன்றைய ரஷ்யா. எண்ணெயும் எரிவாயுவும் கோதுமையும் விற்கிற நாடு. 2022 பெப்ரவரியில் அது அயல் நாடான உக்ரேன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான பழைய நகரமான கீவ் குண்டுக்கு இலக்கானது. உழவரின் பிள்ளைகள் அங்கே மீண்டும் ஒருவரையொருவர் கொன்றார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இனி முடிக்கிறோம். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏன் கேட்கவேண்டும்?

நம் கதையும் காணி, கடன், சீட்டு என்ற மூன்றுக்குள்தான் ஓடியது. துண்டு ஒழிந்தது 1921 இல். ஆனால் 1948 இல் குடியுரிமைச் சட்டம் நம் சனத்தின் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. ரஷ்ய உழவர் பாஸ்போட்டுக்குக் காத்திருந்த அதே காலத்தில் நாம் பிரஜாவுரிமைக்குக் காத்திருந்தோம். அவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவர்களைத் தெரியாது. நாம் பறித்த தேயிலை மட்டும் அங்கே போய்வந்தது.

ரஷ்யாவின் வரலாறு நமக்குக் கற்றுத் தருவது இதுதான்: ஓர் அறிவிப்பைக் கேட்டதும் கை தட்டாமல், உள்ளே இருக்கிற கணக்கை வாசிக்கவேண்டும். 1861 இலும் அறிவிப்பு அழகாக இருந்தது. 1917 இலும் ஆணை அழகாக இருந்தது. இன்று நமக்கு வீடு என்கிறார்கள், காணி என்கிறார்கள். வரட்டும், சந்தோஷம், அதற்காகத்தான் போராடுகிறோம். ஆனால் வருகிற ஒவ்வொரு காகிதத்திடமும் நான்கு கேள்வி கேட்போம். எவ்வளவு காணி? உறுதி யார் பெயரில், அதில் வீட்டுப் பெண்ணின் பெயரும் உண்டா? கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டு? நாளைக்குத் தோட்ட வேலையை விட்டாலும் அந்தக் காணி நமக்குத்தானா?

இந்த நான்கையும் கேட்க எழுத்து வாசிப்பு வேண்டும். கூட்டாகக் கேட்கச் சங்கம் வேண்டும். பிள்ளைகளே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஓர் அட்டை கொண்டு வாருங்கள். செக்கோவ் சகலினில் கேட்ட மாதிரி, உங்கள் லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்: எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த ஆண்டு அந்தக் காம்பிராவுக்கு வந்தார்கள், உறுதி இருக்கிறதா, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா? எழுதிக்கொண்டு வாருங்கள். அன்று அவர் கோச்சி ஜன்னலால் பார்த்துப்போன மலையில் இந்தக் கணக்கை எடுக்க வேறு யாரும் வரப்போவதில்லை. நாமே எடுப்போம்.

தேத்தண்ணி தயாராக இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.